கூமுட்டைகள் காட்டிய கணக்கு: இல்லினாய் மாநிலத்தின் பிரெய்ரிக் கோழியும் அதன் புல்வெளியும்

அமெரிக்காவின் இல்லினாய்க்குப் ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே பெயர். 1820 வாக்கில் அங்கே 2 கோடி ஏக்கருக்கும் மேல் பிரெய்ரி எனப்படும், உயரப் புல் வளர்ந்த சமவெளி இருந்தது. 1837-இல் அதே மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் ஊரில் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்தார். அதன் பின் அந்தக் கரிய மண் மளமளவென்று வயலாயிற்று. உழவே படாமல் நல்ல நிலையில் இன்று எஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சமவெளிக்கு அடையாளமாக இருந்த பறவை பெரிய பிரெய்ரிக் கோழி. தரையில் முட்டையிட்டு, தரையிலேயே குஞ்சு வளர்க்கும். வசந்தகால விடியலில் சேவல்கள் ஓரிடத்தில் கூடி, கழுத்தின் இருபுறமும் உள்ள ஆரஞ்சு நிறப் பைகளை ஊதி, முழங்கி ஆடும். 1933-இல் வேட்டை நிறுத்தப்பட்டபோது மாநிலத்தில் சுமார் 25,000 பறவைகள் இருந்தன. 1962-இல் 2,000. 1994-இல் 50-க்கும் கீழே.

முதல் சரிவுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. புல் போயிற்று, பறவையும் போயிற்று. கடைசிச் சரிவு அப்படிப்பட்டதில்லை. 1960-களிலிருந்து நிலம் வாங்கினார்கள், புல் விதைத்தார்கள், பருவம் பார்த்து வெட்டினார்கள், தீ வைத்தார்கள். எண்ணிக்கை சில ஆண்டுகள் ஏறவும் செய்தது. பிறகு, புல் நன்றாக இருக்கும்போதே, இறங்கியது. தரையில் கூடு வைக்கும் புல்வெளிப் பறவைகளுக்காக எங்கே வேலை செய்பவரும் இந்த நிகழ்வை முழுதாகப் படிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். புல்லை எப்படி வைத்திருப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் குறைவு. புல்லால் மட்டும் எங்கே முடியாது என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை.

ரெட்டாப் வயல்கள்

தென்கிழக்கு இல்லினாயில் உள்ள ஜாஸ்பர் கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) மண், மாநிலத்தின் வடபகுதி மண்ணைப் போலச் செழிப்பானதில்லை. அரை மீட்டர் ஆழத்திலேயே இறுகிய களிமண் அடுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், கோடையில் வறளும், மண் புளிப்பானது. மக்காச்சோளம் அங்கே சுமாராகத்தான் வந்தது. ரெட்டாப் என்ற ஐரோப்பியப் புல் நன்றாக வந்தது. புல்தரை விதைக்காக அதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டார்கள்.

பிரெய்ரிக் கோழி இந்த வயல்களில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அறுவடை நாள்தான். விதைக்காக வளர்க்கும் புல்லை ஜூலையில், விதை முற்றிய பிறகுதான் அறுப்பார்கள். அதற்குள் பெரும்பாலான கூடுகள் பொரித்து முடிந்திருக்கும். அறுக்கும்போதும் கதிரை மட்டும் எடுத்து அடித்தட்டையை விட்டுவிடுவார்கள். அந்தத் தட்டை குளிர்காலம் முழுக்க நின்று, அடுத்த ஏப்ரலில் பெட்டைக்கு மறைவாகும். 1930-களின் நடுவில் இதையெல்லாம் களத்தில் நின்று பதிவு செய்தவர் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ரால்ஃப் யேட்டர். அவருடைய ஆய்வு 1943-இல் வெளிவந்தது. அன்று அடைகாத்து முடிந்த கூடுகளில் நூற்றுக்கு 93 முட்டை பொரித்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரெட்டாப்பின் இடத்தைச் சோயா பிடித்தது. சோயா வயலில் ஏப்ரல் மாதம் வெறும் மண்தான் இருக்கும். பறவைக்கு வேண்டிய நாட்காட்டி ஒரே தலைமுறையில் கலைந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரெய்ரிக் கோழிக்கென்று அமைந்த அறக்கட்டளையும், பின்னர் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும், மாநில அரசும் போகோட்டா ஊரைச் சுற்றித் துண்டு துண்டாக நிலம் வாங்கத் தொடங்கின. இன்று ஜாஸ்பர், மேரியன் கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும் ‘பிரெய்ரி ரிட்ஜ்’ இயற்கைப் பகுதி அதன் தொடர்ச்சி. எல்லாத் துண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 ஏக்கர். அங்கே முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கூடுகளைத் தேடிக் கணக்கெடுத்தவர் ரான் வெஸ்டமேயர். இந்த நிகழ்வைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவருடைய பதிவேடுகளிலிருந்து வந்ததுதான்.

பெட்டைக்கு எந்தப் புல்?

ஒரு முட்டைச் சுற்றின் கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் வேலை நாட்கள் எல்லாம் இதிலிருந்துதான் வரும். பெட்டை 10 முதல் 12 முட்டை வரை இடும், ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. கடைசி முட்டைக்குப் பிறகு 25 நாள் அளவில் அடைகாக்கும். ஆக முதல் முட்டையிலிருந்து குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பும் வரை 37 முதல் 40 நாள். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் ஜூன் முதல் வாரத்தில் முடியும். முதல் கூட்டை நரியோ ஸ்கங்க் என்ற சிறு விலங்கோ தின்றுவிட்டால் பெட்டை மறுபடி கட்டும். அந்த இரண்டாம் கூடு ஜூன் கடைசி, ஜூலை வரை இழுக்கும். குஞ்சுகள் ஓரளவு பறக்க இன்னும் இரண்டு வாரம் வேண்டும். எனவே ஆகஸ்ட் 1-க்கு முன் எந்த இயந்திரமும் வயலில் இறங்கக்கூடாது. மே நடுவிலோ கடைசியிலோ முதல் வெட்டு வாங்கும் குதிரைமசால் வயல், பெட்டைக்குப் பொறிதான். பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கும், பெட்டை நம்பி இறங்கும், அடைகாக்கும் நாளில் வெட்டுக்கத்தி வரும். அடைகாக்கும் பறவை கடைசி நொடி வரை எழாது என்பதால் தாயும் சேர்ந்தே போகும்.

கூடு என்பது ஒரு சாண் அகலக் குழி, உள்ளே கொஞ்சம் காய்ந்த புல். அதன் மறைவு முழுக்கப் போன ஆண்டின் காய்ந்த தட்டையிலிருந்து வருகிறது. ஏப்ரலில் புதுப்புல் இன்னும் எழுந்திருக்காது. ஆகவே ‘இந்த ஆண்டுக் கூட்டுக்கு மறைவு’ என்பது போன ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்ட ஒன்று. போன இலையுதிர்காலத்தில் தரையோடு வெட்டிய வயலுக்கு இந்த வசந்தத்தில் என்ன செய்தாலும் பயனில்லை.

மறைவை அளக்கக் கன்சாஸில் ஆய்வாளர் ரோபல் 1970-இல் வகுத்த கோல் முறை போதும். 3 செ.மீ. தடிமன், 150 செ.மீ. உயரமுள்ள ஒரு கம்பில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டை வீதம் வண்ணம் அடியுங்கள். கம்பை வயலில் நட்டு, 4 மீட்டர் தள்ளி, கண் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி குனிந்து பாருங்கள். புல்லுக்கு மேலே தெரியும் மிகக் கீழான கோடு எதுவோ அதைக் குறியுங்கள். நான்கு திசையிலிருந்தும் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு வயலுக்கு 20 இடமாவது வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தச் சராசரி 20 முதல் 30 செ.மீ. வரை இருந்தால் கூட்டுக்கு நல்ல மறைவு. 10-க்குக் கீழே என்றால் அந்த வயலில் கூட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோல் நன்றாகக் காட்டும் வயலே குஞ்சுக்கு ஆகாமல் போகலாம். பொரித்த குஞ்சு கட்டைவிரல் அளவு. முதல் வாரத்தில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு முடியாது. அடியில் சருகு மெத்தை போட்டுப் பின்னிக்கிடந்தால் குஞ்சு நடக்க முடியாமல் பனியில் நனைந்து விறைத்துச் சாகும். அதற்கு வேண்டியது மேலே குடை போல இலை, அடியில் வெறும் மண் தெரியும் சந்து, சந்தெல்லாம் வெட்டுக்கிளியும் வண்டும். பூச்செடிகளும் குளோவர் என்ற தீவனச்செடியும் கலந்த இளம் வயல் அப்படி இருக்கும். கூட்டு வயலும் குஞ்சு வயலும் சில நூறு மீட்டருக்குள் அருகருகே இருக்க வேண்டும். சேவல்கள் ஆடும் இடமோ முழங்கால் உயரம்கூட இல்லாத புல். பெரும்பாலான பெட்டைகள் அந்த ஆடுகளத்திலிருந்து 2 கி.மீ. தூரத்துக்குள்ளேயே கூடு வைக்கும். எனவே புது நிலம் வாங்கும்போது ஆடுகளத்தை நடுவில் வைத்து 2 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டுவிட்டுத்தான் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

வயலை இளமையாக வைத்திருப்பது

புல்வெளியை அப்படியே விட்டுவிட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம்தான் இந்த வேலையில் மிக அதிகச் சேதம் செய்வது. ஜாஸ்பரில் கிடைக்கும் மழைக்கு, தொடாமல் விட்ட வயல் மூன்று நான்கு ஆண்டில் சருகு ஏறிப் பின்னிக்கொள்ளும். பத்து ஆண்டில் முள்ளும் மரக்கன்றும் பிடிக்கும். பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் கூடுகள் அடர்ந்திருந்தது அண்மையில் அறுத்தோ எரித்தோ புதுப்பித்த வயல்களில்தான். பழைய வயல்களில் கூடுகள் அருகின.

அதனால் அங்கே முதலில் செய்தது பழைய ரெட்டாப் முறையை வேண்டுமென்றே திரும்ப நடத்தியதுதான். உள்ளூர் விவசாயிகளோடு பங்கு முறையில் ரெட்டாப்பும் திமோத்தி என்ற புல்லும் விதைத்து, கூட்டுக்காலம் முடிந்து விதையை அறுத்து, தட்டையை உயரமாக விட்டார்கள். திமோத்தி ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ, ரெட்டாப் என்றால் 1 முதல் 2 கிலோ, கூடவே கொஞ்சம் சிவப்புக் குளோவர். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் முளைப்பு குறையும். வயல் முதிர்ந்து புரோம் புல்லோ ஃபெஸ்கியூவோ ஏறிவிட்டால் ஓரிரு ஆண்டு சோயா அல்லது கோதுமை போட்டுச் சுத்தம் செய்து மறுபடி விதைக்கலாம்.

ஆகஸ்டுக்குப் பின் வெட்டும்போதும் கத்தி 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். வயலின் நடுவிலிருந்து வெளியே நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றி வெட்டினால் பறவைகளும் முயல்களும் நடுத்துண்டில் அடைந்து கடைசிச் சுற்றில் மாட்டும். வெட்டிய புல் கனமாக இருந்தால் வாரி வெளியேற்ற வேண்டும், விட்டால் அதுவே சருகு மெத்தை. இரவில் வெட்டவே கூடாது.

நாட்டுப் புல்லா, வெளிநாட்டுப் புல்லா என்ற வாதம் இந்த இடத்தில் எப்போதும் வரும். கூடு வைக்கும் பெட்டை புல்லின் பூர்வீகம் பார்ப்பதில்லை, உயரமும் அடர்த்தியும்தான் பார்க்கிறது. ஆனால் நாட்டுப் பூச்செடிகள் கலந்த வயல் குஞ்சுக்கு அதிகப் பூச்சி தரும், பனியிலும் சாயாமல் நிற்கும். நன்றாக வேரூன்றிவிட்டால் நெடுங்காலம் நிலைக்கும். நாட்டு விதை போடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, மலிவாகக் கிடைக்கிறது என்று பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், சுவிட்ச் கிராஸ் மூன்றையும் அள்ளிப் போடுவது. மூன்று ஆண்டில் ஆளுயரத்துக்குச் சுவர் போல நிற்கும். அதில் பறவை இரவு தங்கலாம், கூடு வைக்காது. சதுர அடிக்கு 40 முதல் 60 விதை என்று கணக்கிட்டு, பாதிக்கு மேல் பூச்செடிகளாகவும் குட்டைப் புற்களாகவும் வைத்தால்தான் சமநிலை நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் தூவிவிட்டால் மண் உறைந்து இளகும்போது விதை தானாகப் பதியும். முதல் ஆண்டில் களை முழங்கால் தாண்டும்போதெல்லாம் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். அந்த ஆண்டு வயலில் காய்ந்த தட்டை இல்லாததால் பெரும்பாலும் கூடும் இருக்காது. வெட்டத் தயங்கினால் களை நிழலில் நாட்டு நாற்று செத்துவிடும்.

தீ

தீதான் இந்த வேலையின் நடுக்கருவி. சருகை எடுக்கும், மரக்கன்றைப் பின்னுக்குத் தள்ளும், கறுத்த மண் சூடேறிப் பூச்செடிகளை எழுப்பும். ஒரு வயலை மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று சுழற்சி வைத்து, எந்த ஆண்டும் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிக்காமல் இருப்பது அடிப்படை.

முந்தைய இலையுதிர்காலத்திலேயே வயலைச் சுற்றி 3 முதல் 6 மீட்டர் அகலத்துக்குப் புல்லைத் தரையோடு வெட்டி, வெட்டியதை வாரி, தீத்தடுப்புக் கோடு தயார் செய்ய வேண்டும். மார்ச்சில் காற்று மணிக்கு 8 முதல் 24 கி.மீ., ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதம், காற்றின் திசை நிலையாக இருக்கும் நாள் பாருங்கள். காற்றே இல்லாத நாள் பாதுகாப்பானது போலத் தோன்றும். உண்மையில் அன்றுதான் காற்று எந்தப் பக்கமும் திரும்பும், புகை எழும்பாமல் சாலையில் படியும். தீயணைப்பு நிலையத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். எரியும் எண்ணெயைச் சொட்டவிட்டுத் தீ வைக்கும் கைக்கருவியான டிரிப் டார்ச்சில் டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு.

காற்று போய்ச் சேரும் மூலையில் சிறு சோதனைத் தீ வைத்துப் புகையும் வேகமும் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த ஓரம் நெடுக, காற்றை எதிர்த்து மெதுவாக ஊரும் தீயை வைத்து, எரிந்த கரும்பட்டையை 15 முதல் 30 மீட்டர் வரை அகலப்படுத்த வேண்டும். பிறகு இரண்டு பக்க ஓரங்கள். கடைசியில்தான் காற்று வரும் பக்கத்திலிருந்து முழுத் தீ. கரும்பட்டை போதிய அகலம் ஆகும் முன் அவசரப்பட்டு முழுத் தீ வைத்ததுதான் கை மீறிய தீக்களில் அடிக்கடி காணும் காரணம். எரிந்து முடிந்தபின் ஓரத்திலிருந்து 30 மீட்டருக்குள் புகையும் கட்டை, வேலித்தூண், சாணி எதுவானாலும் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இன்னொரு தவறு நாள் தள்ளுவது. களிமண் அடுக்குள்ள நிலத்தில் மார்ச் மழைக்குப் பின் தண்ணீர் வண்டி உள்ளே இறங்கினால் புதையும். ‘இன்னும் ஒரு வாரம் காயட்டும்’ என்று தள்ளிக்கொண்டே போனால் ஏப்ரல் 20 ஆகிவிடும், அதற்குள் பெட்டை முட்டையிடத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடியவில்லையா, அந்த ஆண்டு வசந்தத் தீயைக் கைவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தீ இருக்கிறது. புதர்களை அது வசந்தத் தீயைவிட நன்றாகவே அடிக்கும்.

கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. புல் கடல் போலக் கிடக்கும் இடம் அது, பிரெய்ரிக் கோழிக்கு இன்றும் பெரிய கோட்டை. ஆனால் அங்கே பல பண்ணைகளில் ஒவ்வோர் ஏப்ரலிலும் முழு நிலத்தையும் எரித்து, மாடுகளை இரட்டிப்பு எண்ணிக்கையில் 90 நாள் விட்டு மேய்க்கும் முறை பரவியது. தீயும் சரி, மேய்ச்சலும் சரி, புல்லுக்குக் கேடில்லை. கூட்டுக்கு வேண்டிய போன ஆண்டுத் தட்டைதான் எங்குமே மிஞ்சவில்லை. லட்சக்கணக்கான ஏக்கர் புல் இருந்தும் அப்பகுதியில் பறவை குறைந்தது. ஓக்லஹோமாவில் ஆய்வாளர்கள் ஃபுலென்டார்ஃப், எங்கிள் இருவரும் 2001-இல் முன்வைத்த மாற்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரித்து மாடுகளை வேலியில்லாமல் விடுவது. மாடு தானாகவே எரிந்த துண்டின் இளம்புல்லுக்குப் போகும், மற்ற இரண்டு துண்டும் வளரும். பெரிய நிலத்துக்கு இதைவிட நல்ல முறை எங்களுக்குத் தெரியாது. 80 ஏக்கர், 160 ஏக்கர் என்று துண்டுகளாகக் கிடக்கும் இல்லினாய் நிலத்தில் வேலிச் செலவுக்கே கட்டுப்படியாகாது.

மரமும் ஃபெஸ்கியூவும்

வயலோரத்து மரவரிசை அழகாகத்தான் இருக்கும். புல்வெளிப் பறவைக்கு அது கொம்பன் ஆந்தை உட்காரும் இடம், ரக்கூன் குட்டிபோடும் பொந்து, நரி நடக்கும் பாதை. 19-ஆம் நூற்றாண்டில் வேலிக்காக நட்ட ஓசேஜ் ஆரஞ்சு வரிசைகளை எடுக்காமல் நடுவில் எவ்வளவு நல்ல புல் வளர்த்தாலும் ஓரத்துக் கூடுகள் தப்பாது. ஓசேஜ் ஆரஞ்சும் முள் லோகஸ்டும் வெறுமனே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வெட்டிய பத்து நிமிடத்துக்குள் அடிக்கட்டையின் விளிம்பில், பட்டையை ஒட்டிய வளையத்தில், களைக்கொல்லி தடவ வேண்டும். ஜூனிபர் வகைச் செந்தேவதாருக்கு மருந்தே வேண்டாம், கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் திரும்ப வராது. ஒரு மீட்டருக்குக் கீழ்ப்பட்ட கன்றைத் தீயே முடித்துவிடும்.

டால் ஃபெஸ்கியூ புல் இதைவிடப் பொல்லாத எதிரி. அடியில் இடைவெளியே இல்லாமல் பின்னும், குஞ்சு நுழைய முடியாது, பூச்சியும் குறைவு. அதன் பலவீனம் நாட்டுப் புல் உறங்கிய பிறகும் அது பச்சையாக இருப்பது. செப்டம்பர் தொடக்கத்தில் வெட்டிவிட்டு 15 முதல் 25 செ.மீ. துளிர்க்க விடுங்கள். அக்டோபர் கடைசியில் உறைபனி விழுந்து மற்றப் புல் பழுத்ததும் 41 சதவீத கிளைஃபோசேட் களைக்கொல்லி ஏக்கருக்கு ஏறத்தாழ 2 லிட்டர். வசந்தத்தில் மண்ணில் கிடந்த விதை முளைத்து வரும், அதற்கு இரண்டாம் தெளிப்பு கட்டாயம். ஒரே தெளிப்போடு நிறுத்திய வயல்கள் மூன்றாம் ஆண்டில் பழையபடி ஃபெஸ்கியூதான்.

இதே நிலத்தில் வேறு பறவைகளும் இருக்கின்றன, எல்லாவற்றின் விருப்பமும் ஒன்றில்லை. ஹென்ஸ்லோ குருவி எரிந்த வயலுக்கு அந்தக் கோடையில் வரவே வராது, சருகு சேர்ந்த பிறகுதான் வரும். வெட்டுக்கிளிக் குருவி நேர் எதிர், வெறும் மண் தெரியும் குட்டைப் புல் கேட்கும். அப்லண்ட் சாண்ட்பைப்பரும் குட்டைப் புல்காரன். பூனைப்பருந்தும் குட்டைச்செவி ஆந்தையும் அடர்ந்த பழைய புல்லில் தரையில் கூடு வைப்பவை, இரண்டுமே அம்மாநிலத்தில் அழிவின் விளிம்பில் இருப்பவை. ஒரு வயலுக்குள் எல்லாரையும் திருப்திப்படுத்த முயலாமல், வயலுக்கு வயல் வயதை மாற்றி வைத்தால் அனைவருக்கும் இடம் கிடைக்கும்.

புல் இருந்தும்

இத்தனை வேலைக்கும் பலன் தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஜாஸ்பர் ஆடுகளங்களில் சேவல்கள் கூடின. பிறகு இறங்கத் தொடங்கின, நிற்கவில்லை.

ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: ஆசியாவிலிருந்து வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட வளையக்கழுத்து ஃபெசன்ட் என்ற பறவை. அதன் பெட்டை பிரெய்ரிக் கோழியின் கூட்டில் முட்டையிடும். ஃபெசன்ட் முட்டை 23 நாளில் பொரிக்கும், பிரெய்ரிக் கோழி முட்டைக்கு 25 நாள் வேண்டும். இரண்டு நாள் முன்னதாகப் பொரித்த அந்நியக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் கிளம்பிவிடும். அதன் சொந்த முட்டைகள் உள்ளே முழுதாய் வளர்ந்த கருவோடு குளிர்ந்துபோகும். ஃபெசன்ட் சேவல்கள் ஆடுகளத்திலும் புகுந்து கோழிச் சேவல்களை விரட்டின. நிலங்களிலிருந்து ஃபெசன்ட்களை அகற்றினார்கள். உதவியது, போதவில்லை.

இரண்டாவது காரணம் முட்டைக்குள் இருந்தது. யாரும் தின்னாத, ஃபெசன்ட் தொடாத, 25 நாளும் ஒழுங்காக அடைகாத்த கூடுகளிலேயே கூமுட்டைகள் கூடிக்கொண்டு வந்தன. யேட்டர் காலத்தில் 93 சதவீதம் பொரித்தது, 1990-களின் தொடக்கத்தில் பாதியைச் சுற்றி வந்து நின்றது. புல் சரியில்லை என்றால் கூடு அழியும், குஞ்சு சாகும். நன்றாக அடைகாத்த முட்டை பொரிக்காமல் போவதற்குப் புல் காரணமாக முடியாது.

இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் யுவான் பூசாத், கென் பேஜ் குழுவினர் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். 1930-கள் முதல் 1960-கள் வரையிலான பழைய மாதிரிகள் பாதுகாக்கப்பட்டிருந்ததால் அதே கூட்டத்தின் முந்தைய நிலையோடு நேரடியாக ஒப்பிட முடிந்தது. டிஎன்ஏவில் ஒப்பிட்ட இடம் ஒன்றுக்கு அன்று சராசரியாக 5-க்குச் சற்று மேல் மாற்றுவடிவங்கள், 1993-இல் 3.7. கன்சாஸ், நெப்ராஸ்கா பறவைகளில் 5.8, மினசோட்டாவில் 5.3. சோயாக் கடலுக்கு நடுவே தீவாகிப்போன கூட்டம், வெளியிலிருந்து ஒரு பறவைகூட வந்து சேராமல், தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே இணை சேர்ந்திருந்தது.

1992 முதல் மினசோட்டா, கன்சாஸ், நெப்ராஸ்காவிலிருந்து மொத்தம் 271 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பொரிப்பு 90 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வயல் அதே வயல், புல் அதே புல், மாறியது பறவையின் ரத்தம் மட்டும். வெஸ்டமேயர் குழுவின் கட்டுரை 1998-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. காட்டுப் பறவைக் கூட்டம் ஒன்று மரபு வளம் குன்றிச் சரிந்ததற்கும் புது ரத்தத்தால் மீண்டதற்கும் உலகெங்கும் இன்று பாடப்புத்தகங்களில் காட்டும் சான்று இதுதான்.

கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் சிறியதாகவும் தனித்தும் இருக்கும்வரை அதே சரிவு மெல்லத் திரும்பும். 2014-இல் மறுபடி கன்சாஸிலிருந்து பறவைகள் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் கணிப்பில் இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. அருகில் உள்ள கூட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் பறவை இறங்கி ஓய்வெடுக்கக்கூடப் புல் இல்லை. விஸ்கான்சினில் இதே பறவையை ஆராய்ந்த ஹாமர்ஸ்ட்ரோம் தம்பதி 1950-களில் வகுத்த முறை, சிறு நிலங்களை வயல்வெளி முழுக்கச் சிதறி வைத்து இடையே உள்ள பண்ணை நிலத்தையும் பறவை பயன்படுத்தும்படி செய்வது. இடையில் மேய்ச்சலும் வைக்கோல் புல்லும் இருந்த காலத்துக்கு அது மிகப் பொருத்தம். இடையில் இருப்பதெல்லாம் சோயாவும் மக்காச்சோளமும் என்று ஆனபின் ஒவ்வொரு துண்டும் தனித் தீவு. ஆகவே கையில் பணம் இருந்தால், தூரத்தில் உள்ள நல்ல 80 ஏக்கரைவிட, ஏற்கெனவே உள்ள வயலை ஒட்டிய சுமாரான 80 ஏக்கரை வாங்குவதே மேல். சுமாரான புல்லை ஐந்து ஆண்டில் திருத்திவிடலாம்.

எதை எண்ணுவது

ஆடுகளத்தில் சேவல்களை எண்ணுவது எளிது என்பதால் பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுவரை, விடிவதற்கு முக்கால் மணி முன்னரே மறைவில் உட்கார்ந்து, காற்றில்லாத காலையில், ஒரே களத்தை மூன்று முறையாவது எண்ணி அதிகபட்சத்தை எடுக்க வேண்டும். ஆனால் அந்த எண் பெட்டையைப் பற்றி எதுவும் சொல்லாது, முட்டையைப் பற்றி அறவே சொல்லாது.

கூட்டுக்காலம் முடிந்த ஜூலைக் கடைசியில் ஆட்கள் கை எட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று வயலைக் கோடு கோடாக நடந்து பழைய கூடுகளைத் தேடுங்கள். பொரித்த முட்டையின் பருத்த முனை மூடி போலச் சீராக வெட்டுப்பட்டு, உள்சவ்வு கழன்றிருக்கும். ஸ்கங்க்கோ ரக்கூனோ தின்றது என்றால் ஓடு நொறுங்கி உள்ளே மஞ்சள்கரு காய்ந்து ஒட்டியிருக்கும். ஓட்டில் நுண்புள்ளிகள் இருந்தால் கோழி முட்டை, புள்ளியே இல்லாத ஆலிவ் நிறம் என்றால் ஃபெசன்ட். ஒரு முட்டையாவது பொரித்த கூடுகளை மட்டும் தனியே எடுத்து, அதில் மிச்சம் கிடக்கும் முழு முட்டைகளை எண்ணுங்கள். திறந்து பார்த்து, கரு இல்லையா, பாதியில் நின்றதா, முழுதாக வளர்ந்து செத்ததா என்றும் எழுதுங்கள். ஃபெசன்ட் ஓடு கிடந்த கூடுகள் வேறு பட்டியலில் சேர வேண்டும், இல்லாவிட்டால் அங்கே குளிர்ந்துபோன முட்டைகள் மரபுக் கோளாறு போலக் கணக்கில் ஏறும்.

ஐந்து கூடு கிடைத்தால் 60 முட்டை, அதில் ஆறு கூமுட்டை என்பது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பொரிப்பு 90-க்கு மேல் நிற்கும்வரை உழைப்பை முழுக்கப் புல்லில் போடலாம். 80-க்குக் கீழே இறங்கினால் இன்னும் ஒரு வயலை எரிப்பது விடையாகாது, வெளியிலிருந்து பறவை கொண்டுவரும் ஏற்பாட்டை அப்போதே தொடங்க வேண்டும். இல்லினாயில் அது தொடங்கும்போது பொரிப்பு பாதிக்கு இறங்கியிருந்தது. ஓடுகளையும் உதிர்ந்த இறகுகளையும் காகித உறையில் போட்டுக் காயவைத்து, தேதி, வயல் எண், கூட்டு எண் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும், பின்னால் டிஎன்ஏ எடுக்க வராது.